கேம்கார்டர் வாங்கும் முன்: பால், என்டிஎஸ்சி, 50, 60 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் கேம்கார்டர் வாங்கி வரச் சொல்பவர்களும், பழைய டேப் கேமராவை செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களும் கேட்கும் முதல் கேள்வி, "இது எங்கள் வீட்டு டிவியில் ஓடுமா?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "எங்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் இது ஒழுங்காகப் படம் எடுக்குமா?" இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது.

பெட்டியில் பால், என்டிஎஸ்சி என்று போட்டிருக்கிறதே, அவை என்ன?

கலர் டிவி வந்த காலத்தில் படத்தை அனுப்பவும் பதிவு செய்யவும் வகுத்த முறைகள். என்டிஎஸ்சி அமெரிக்காவில் உருவானது. அதன் கலர் முறைக்கு 1953 டிசம்பரில் அங்கே அரசு ஒப்புதல் கிடைத்தது. ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 525 வரிகள், நொடிக்கு ஏறக்குறைய 30 பிரேம்கள். பால் முறையை ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 1967-ல் ஒளிபரப்புக்கு வந்தது. அதில் 625 வரிகள், நொடிக்கு 25 பிரேம்கள்.

பால் என்பது 'பேஸ் ஆல்டர்நேட்டிங் லைன்' என்பதன் சுருக்கம். ஒன்றுவிட்டு ஒரு வரியில் கலர் சமிக்ஞையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்புவார்கள். வழியில் நிறம் பிசகினால், ஒரு வரியில் ஒரு பக்கம் சாயும் பிழை அடுத்த வரியில் எதிர்ப்பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்து பிழை அடங்கிவிடும். எளிமையான, அழகான யோசனை. என்டிஎஸ்சியில் இந்த ஏற்பாடு இல்லாததால்தான் அந்த டிவிகளில் நிறச் சாயலைத் திருத்தத் தனியாக ஒரு குமிழ் வைத்திருந்தார்கள்.

பிரான்ஸில் உருவான செக்காம் என்ற மூன்றாவது முறையும் உண்டு. அது உங்களுக்குக் கவலை தரப்போவதில்லை. செக்காம் நாடுகளில்கூட டிஜிட்டல் டேப் கேம்கார்டர்கள் பால் வகையாகவே விற்றன.

25, 30 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

சுவரிலிருக்கும் மின்சாரத்திலிருந்து. உலகின் பெரும்பகுதியில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது, இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் 60 முறை. ஆரம்பகால டிவியில் மின்சாரத்தின் அலைவு படத்துக்குள் கசிந்து, பட்டையாகத் தெரியும். படத்தின் வேகமும் மின்சாரத்தின் வேகமும் ஒன்றாக இருந்தால் அந்தப் பட்டை நகராமல் நிற்கும், கண்ணை உறுத்தாது. அதனால் ஒரு பிரேமை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து, நொடிக்கு 50 அல்லது 60 பாதிகளாக அனுப்பினார்கள். 50 பாதி என்றால் 25 முழு பிரேம். பெட்டியில் '50 ஐ' என்று இருப்பது இதைத்தான். '50 பி' என்றால் பாதியாக்காமல் 50 முழு பிரேம்கள்.

சில இடங்களில் 29.97 என்று போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

இல்லை. கறுப்பு வெள்ளை டிவியில் சரியாக 30 தான் இருந்தது. கலரைச் சேர்த்தபோது கலர் சமிக்ஞையும் ஒலிச் சமிக்ஞையும் ஒன்றோடொன்று மோதிப் படத்தில் புள்ளிகள் தெரியக் கூடாது என்பதற்காக வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 30 என்பது 29.97 ஆனது, 60 என்பது 59.94 ஆனது. இன்றும் கேமராவில் 60 என்று எழுதியிருந்தால் உள்ளே ஓடுவது பெரும்பாலும் 59.94 தான்.

எடிட்டிங் செய்பவர்களுக்கு இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 30 என்று எண்ணிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 108 பிரேம், அதாவது 3.6 நொடி, கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. அதனால் டைம்கோடில், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் தரும் நேர எண்ணில், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ணுவார்கள். பத்தாவது நிமிடம் தோறும் தாண்டுவதில்லை. தாண்டுவது எண்ணை மட்டும்தான். படம் எதுவும் தொலைவதில்லை, பயப்பட வேண்டாம்.

எந்த நாட்டில் எது?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள், ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் 625 வரி, 50 பக்கம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, ஜப்பான், தென்கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ், மியான்மர் என்டிஎஸ்சி பக்கம். பிரேசில் ஒரு கலப்பு: கலர் பால் முறை, வரியும் வேகமும் 525, 60.

டிவி முறையும் மின்சாரமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பான் முழுவதும் என்டிஎஸ்சி. ஆனால் டோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா உள்ளிட்ட மேற்கில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் விளைவு இது. சவூதி அரேபியாவில் நேர் எதிர்: டிவி 625 வரி முறை, மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே வேலை செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாம் டிஜிட்டல்தானே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

பாதி உண்மை. அமெரிக்காவில் 2009-லும் பிரிட்டனில் 2012-லும் பழைய ஒளிபரப்பு பெருமளவு நின்றுபோனது. எச்டி வந்ததும் வரி வித்தியாசமும் போய்விட்டது. எந்த நாட்டில் வாங்கினாலும் எச்டி படம் 1920×1080 தான். ஆனால் வேகம் அப்படியே தங்கிவிட்டது. இன்றைய கேமராவில் 'பால்' என்றால் 25 அல்லது 50 பிரேம், 'என்டிஎஸ்சி' என்றால் 30 அல்லது 60 பிரேம். அவ்வளவுதான் பொருள். பெயரை மறந்துவிட்டு 50, 60 என்ற எண்களை மட்டும் மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

60 கேமராவை 50 ஹெர்ட்ஸ் ஊரில் பயன்படுத்தினால் என்ன ஆகும்?

பகல் வெளிச்சத்தில் ஒன்றும் ஆகாது. கடற்கரை, விளையாட்டு மைதானம், பயணம், எல்லாம் அருமையாக வரும். சிக்கல் மின்விளக்கின் கீழே.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு 60 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கு ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான துடிப்பு விழுகிறது. ஒரு பிரேமில் வெளிச்சம் கூட, அடுத்ததில் குறைய. மூன்று பிரேமுக்கு ஐந்து துடிப்பு என்று கணக்கு சுற்றிக்கொண்டே இருப்பதால் நொடிக்கு 20 முறை மினுங்கும். இன்றைய கேமரா சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், மினுங்கலோடு கறுப்புப் பட்டைகளும் நகரும்.

ஒருமுறை கேமரா 60-ல் இருப்பதைக் கவனிக்காமல் ஒரு பள்ளி நாடகத்தை எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டபோது மேடை முழுவதும் மங்கலான பட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றே கால் மணி நேரம். அந்தப் பிள்ளைகள் அந்த நாடகத்தை மறுபடி போடப் போவதில்லை. இந்தக் கேள்வி பதிலை எழுத எனக்குத் தோன்றியதே அந்த நாடகத்தால்தான்.

எல்லா விளக்கும் அப்படித்தானா?

இல்லை. பழைய குண்டு பல்பில் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். மினுங்கல் மிகக் குறைவு. எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டும் பரவாயில்லை. எல்இடி விளக்கு அதன் உள்ளிருக்கும் சர்க்யூட்டைப் பொறுத்தது: நல்லது நிலையாக எரியும், மலிவானது டியூப்லைட்டைவிட மோசமாகத் துடிக்கும். கலர் மாறும் அலங்கார விளக்குகளையும் பெரிய எல்இடி திரைகளையும் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது நல்லது. அவற்றின் துடிப்புக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

மினுங்கலைச் சரிசெய்ய வழியே இல்லையா?

இருக்கிறது, ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, கையால் மாற்ற முடிந்தால். ஒவ்வொரு பிரேமிலும் முழு எண்ணிக்கையில் துடிப்பு விழும்படி செய்ய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஊரில் ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக ஒரு துடிப்பு. 60 பிரேம் ஓடினாலும் மினுங்காது. 30 பிரேமில் எடுத்தால் 1/50 வைக்கலாம், அப்போது இரண்டு துடிப்பு. 50 கேமராவை 60 ஹெர்ட்ஸ் ஊருக்குக் கொண்டுபோனால் 1/60 அல்லது 1/120.

1/100-ல் வெளிச்சம் குறைவாக விழும், இருட்டான அரங்கில் படம் கொஞ்சம் புள்ளி தட்டும். பட்டைகள் ஊர்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஷட்டரைத் தொடவே விடாத எளிய கேம்கார்டர்கள் நிறைய இருக்கின்றன. அதனால் வாங்கும் முன் மெனுவில் 'ஷட்டர்' என்று ஒன்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். என்னைக் கேட்டால், ஜூமைவிட முக்கியமான அம்சம் இது.

டிவியில் ஓடுமா?

கார்டில் பதிவாகும் எச்டி கேமராவை எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கும்போது, 50 பக்கத்து நாடுகளில் விற்கும் டிவிகள் பெரும்பாலும் 60-ஐயும் ஏற்றுக்கொள்ளும். எதிர்ப்பக்கம் அப்படியில்லை. வட அமெரிக்காவுக்காகச் செய்த டிவிகளில் பல, 50 சமிக்ஞையைக் கண்டால் 'ஆதரவு இல்லை' என்று சொல்லிவிடும். ஆக, நீங்கள் 50 ஊரில் இருந்துகொண்டு 60 கேமரா வாங்கினால் டிவிக்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு 50-ல் எடுத்ததை அனுப்புகிறீர்கள் என்றால், டிவியோடு கேமராவை நேராக இணைக்கச் சொல்லாமல் பைலாக அனுப்புங்கள்.

கம்ப்யூட்டரில்?

ஓடும். கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் இந்தப் பாகுபாடு கிடையாது. இணையத்தில் ஏற்றினாலும் 25, 30, 50, 60 எதுவும் அப்படியே போகும்.

இரண்டையும் மாற்றிக்கொள்ளும் கேமரா கிடைக்குமா?

கிடைக்கும். முடிந்தால் அதையே வாங்குங்கள். பல ஆக்‌ஷன் கேமராக்களிலும், மிரர்லெஸ் எனப்படும் ஸ்டில் கேமராக்களிலும், தொழில்முறை கேம்கார்டர்களிலும் மெனுவில் 50/60 என்றோ பால்/என்டிஎஸ்சி என்றோ ஒரு செட்டிங் இருக்கும். சோனியின் சில கேமராக்கள் இதை மாற்றும்போது கார்டை பார்மட் செய்யச் சொல்லும். எடுத்ததையெல்லாம் முதலில் காப்பி செய்துகொண்டு மாற்றுங்கள். வீட்டு உபயோகத்துக்கான கேம்கார்டர்களில் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. தொழிற்சாலையிலேயே ஒரு பக்கம் பூட்டி அனுப்பிவிடுவார்கள்.

பெட்டியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பகமான வழி, விவரக்குறிப்பில் பதிவு வேகத்தைத் தேடுவது. 50 ஐ, 50 பி, 25 பி என்று இருந்தால் ஒரு பக்கம். 60 ஐ, 60 பி, 30 பி என்று இருந்தால் மறுபக்கம். இரண்டும் இருந்தால் அதிர்ஷ்டம். சோனி ஹேண்டிகேம்களில் மாடல் எண்ணின் கடைசியில் 'இ' எழுத்து இருந்தால் பால். கேனன் தன் வீட்டு கேம்கார்டர்களுக்கு ஊருக்கு ஒரு பெயர் வைத்தது: வட அமெரிக்காவில் விக்சியா, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் லெக்ரியா, ஜப்பானில் ஐவிஸ். பெயர் தெரிந்தாலே பக்கம் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் மாடல் எண்ணைப் பாதியோடு நிறுத்தியிருப்பார்கள். அடிப்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு எழுத்துதான் உங்களுக்கு வேண்டியது.

சார்ஜர் எரிந்துவிடுமா?

லேபிளில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் எங்கும் போடலாம், பிளக் முனை மட்டும் மாற்ற வேண்டும். கேம்கார்டர் சார்ஜர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் 230 வோல்ட் சுவரில் செருகாதீர்கள். அப்புறம், சார்ஜரில் 50/60 என்று எழுதியிருப்பதைப் பார்த்து கேமராவும் இரண்டையும் எடுக்கும் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். அது மின்சாரத்தைப் பற்றியது மட்டும்.

பழைய கேசட்டுகளை கம்ப்யூட்டருக்கு மாற்ற டேப் கேம்கார்டர் தேடுகிறேன். எதை வாங்க?

கேசட் எந்த முறையில் பதிவானதோ அதே முறை கேமராவை. இங்கே சமரசம் கிடையாது. பெயர்கள் வெறும் எண்ணாகிவிட்டன என்று மேலே சொன்னேனே, அது கார்டு கேமராவுக்கு. டேப்பில் பாலும் என்டிஎஸ்சியும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. 1995-ல் வந்த மினி டிவி (MiniDV; இங்கே 'டிவி' தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ) டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: பால் படம் 720×576, என்டிஎஸ்சி படம் 720×480. பால் முறையில் ஒரு பிரேமை டேப்பில் 12 சாய்கோடுகளாகவும், என்டிஎஸ்சியில் 10 கோடுகளாகவும் எழுதுகிறது. சில கேமராக்கள் மறுமுறையையும் வாசித்துக் காட்டும், ஆனால் அதை நம்பி வாங்க முடியாது. ஹை8, விஎச்எஸ் கேசட்டுகளுக்கும் இதே விதி.

எந்த முறையில் பதிவானது என்று தெரியாவிட்டால், கேசட்டை எடுத்த கேமரா எந்த நாட்டில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். படம் எடுத்த நாடு முக்கியமில்லை. அமெரிக்காவில் வாங்கிய கேமராவால் வேறு எங்கே எடுத்தாலும் அது என்டிஎஸ்சி கேசட்தான்.

மினி டிவி கேமராவை ஃபயர்வயர் கேபிள் வழியாக இணைத்து எடுங்கள். டேப்பில் உள்ள தகவல் ஒரு துளி குறையாமல் அப்படியே வரும். ஒரு மணி நேர டேப்புக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் வேண்டும். யுஎஸ்பி வழியாக எடுத்தால் பல பழைய கேமராக்கள் தரம் குறைந்த படத்தைத்தான் தரும். இன்னொன்று: ஐரோப்பாவில் விற்ற பால் கேமராக்கள் பலவற்றில் வெளியிலிருந்து உள்ளே பதிவு செய்யும் வசதியை அணைத்து வைத்திருந்தார்கள். அந்த வசதி இருந்தால் சுங்கத்துறை அதை வீடியோ ரெக்கார்டர் என்று கணக்கிட்டு அதிக வரி போடும் என்பதே காரணம். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்க இது தடையில்லை. பழைய ஹை8 பிளேயரை மினி டிவி கேமராவோடு இணைத்து மாற்ற நினைத்தால் மட்டும் முட்டுக்கட்டையாகும்.

அந்த டேப்புகள் ஆண்டுக்கு ஆண்டு பழுதாகிக்கொண்டிருக்கின்றன, ஓட்டும் கேமராக்களும் குறைந்துகொண்டே வருகின்றன. தள்ளிப்போடாதீர்கள்.

காலி கேசட்டிலேயே பால், என்டிஎஸ்சி உண்டா?

கிடையாது. டேப் வெறும் டேப்தான், பதிவு செய்யும் கருவிதான் முறையைத் தீர்மானிக்கிறது. ஆனால் விஎச்எஸ் கேசட்டில் ஓடும் நேரம் மாறும்: என்டிஎஸ்சியில் இரண்டு மணி நேரம் ஓடும் டேப், பால் கருவியில் மெதுவாகச் சுற்றுவதால் இரண்டே முக்கால் மணிக்கு மேல் ஓடும். மெமரி கார்டுக்கும் நாடு கிடையாது.

டிவிடி ரீஜியன் கோடும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. ரீஜியன் கோடு என்பது சினிமா நிறுவனங்கள் விற்பனைக்காகப் போட்ட பூட்டு. ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் ஒரே ரீஜியன் 2, ஆனால் ஒன்று என்டிஎஸ்சி, மற்றது பால். நீங்கள் எடுத்து எழுதிய டிஸ்கில் ரீஜியன் பூட்டு இருக்காது. பால், என்டிஎஸ்சி வித்தியாசம் இருக்கும்.

பால் தரமானதா, என்டிஎஸ்சி தரமானதா?

டேப் காலத்தில் பாலுக்கு வரிகள் அதிகம், என்டிஎஸ்சிக்கு அசைவு மென்மை. எச்டியில் இந்தச் சண்டைக்கு இடமில்லை. வேகமான விளையாட்டை 60-ல் எடுத்தால் கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் 50-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக விளக்கு மினுங்கலை ஏற்றுக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் தரம் குறையுமா?

குறையும். 25 பிரேமை 30 ஆக்க வேண்டும் என்றால் இல்லாத பிரேமை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். இருப்பதை மறுபடி காட்டினால் அசைவு தட்டித்தட்டிப் போகும். இரண்டைக் கலந்தால் நகரும் கைக்குப் பின்னால் நிழல் தெரியும். மென்பொருள் இடைப் பிரேமைக் கணித்து வரைந்தால் நன்றாக இருக்கும், ஆனால் விரல்களும் ஓரங்களும் சில இடத்தில் உருகினாற்போல் ஆகும். அவசியம் இல்லாமல் மாற்றாதீர்கள். மூலப் பைலை அழிக்கவே அழிக்காதீர்கள்.

இரண்டு கேமராவில் ஒரே நிகழ்ச்சியை எடுக்கிறோம். ஒன்று 25, மற்றது 30. பரவாயில்லையா?

வேண்டாம். எடிட்டிங்கில் ஏதாவது ஒன்று தட்டும். இரண்டையும் ஒரே எண்ணில் வையுங்கள். போனையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் அதன் செட்டிங்கையும் பாருங்கள். போன்கள் வாங்கியவுடன் பெரும்பாலும் 30-ல் இருக்கும். ஐபோனில் பால் வேகங்களைக் காட்டும்படி அமைப்பில் ஒரு தெரிவு உண்டு, அதைப் போட்டால் 25 வரும்.

மொழி, வாரண்டி?

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருப்பது சகஜம். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும். விலை குறைவு என்று முடிவெடுக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

60 கேமராவை ஏற்கெனவே வாங்கிவிட்டேன், 50 ஊரில் இருக்கிறேன். விற்றுவிடவா?

அவசரப்பட வேண்டாம். இன்று இரவே வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள், பெரிய திரையில். ஷட்டர் 1/100-க்கு வருகிறது என்றால் கவலையை விட்டுவிடலாம். வரவில்லை என்றால் 'பிளிக்கர்' அல்லது மினுங்கல் குறைப்பு என்று மெனுவில் ஏதாவது இருக்கிறதா தேடுங்கள்; ஜப்பானின் இரட்டை மின்சாரத்தை மனதில் வைத்துச் செய்த கேமராக்களில் அது இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் இல்லையென்றால் அந்தக் கேமராவை வெளிப்புறத்துக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் எடுத்ததை 25 பிரேம் வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 42 சதவீத வேகத்தில் அழகான ஸ்லோ மோஷன் கிடைக்கும். மழையையும் குழந்தைகள் ஓடுவதையும் அப்படி எடுத்துப் பாருங்கள். அரங்க நிகழ்ச்சிக்கு மட்டும் வேறு கேமராவை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.